படம் எடுத்த ஆண்டு எது? துறைமுகம் முதல் குமரிமுனை வரை

தேதி எழுதப்படாத பழைய புகைப்படத்தின் காலத்தைக் கணிக்க இரண்டு எல்லைகள் வேண்டும். படத்தில் தெரியும் பொருள்களில் கடைசியாகத் தோன்றியது எதுவோ, அது வந்த ஆண்டு முன் எல்லை. பிற்காலத்தில் மறைந்துபோன பொருள்களில் முதலில் மறைந்தது எதுவோ, அது போன ஆண்டு பின் எல்லை. படம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் எடுக்கப்பட்டிருக்க முடியும். ஒரு கட்டடம், ஒரு சிலை, ஒரு பாலம், ஒரு பெயர்ப்பலகை என்று கூடுதலாக ஒவ்வொன்றை அடையாளம் காணும்போதும் இந்த இடைவெளி சுருங்கும்.

முறை எளிது. ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடி இதை முழுமையாகச் செய்ய முடியாது. படத்தில் ஒரு கட்டடம் இல்லை என்றால், அது அப்போது கட்டப்படவில்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. கேமரா வேறு பக்கம் பார்த்திருக்கலாம். ஒரு மரம் மறைத்திருக்கலாம். படம் எடுத்தவர் நின்ற இடத்திலேயே நின்று பார்த்து, அங்கிருந்து அந்தக் கட்டடம் தெரிந்தே ஆக வேண்டும் என்று உறுதி செய்த பிறகுதான் அதன் இல்லாமை சான்றாகும். காலக்கணிப்புக்குப் பயணம் தேவைப்படுவது இதனால்தான். சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி மரீனா, தஞ்சாவூர், திருவரங்கம், மதுரை, பாம்பன் வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் வழித்தடத்தில், இந்த முறையின் எல்லாக் கூறுகளையும் நேரில் காணலாம்.

புறப்படுமுன்: தாளைப் பார்த்தல்

படத்துக்குள் இருக்கும் காட்சியை ஆராயும் முன் படத்தையே ஒரு பொருளாகப் பார்க்க வேண்டும். உப்புக் கரைசலில் ஊறிய தாளில் எடுத்த பிரிண்ட்கள் 1840களிலும் 1850களிலும் வழங்கின. பிம்பம் தாளின் நாருக்குள் இறங்கியிருப்பதால் அவற்றில் பளபளப்பு இருக்காது. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் தாளை 1850இல் பிரான்ஸ் நாட்டின் பிளான்கார்-எவ்ரார் அறிமுகம் செய்தார். மெல்லிய தாள், லேசான மினுமினுப்பு, பழுப்பு நிறம், வெளிர்ந்த இடங்களில் மஞ்சள் பூத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். 1890கள் வரை இந்தியாவில் எடுக்கப்பட்ட பெரும்பாலான படங்கள் இந்தத் தாளில்தான் உள்ளன. அதன் பிறகு ஜெலட்டின் தாள் அந்த இடத்தைப் பிடித்தது. 1960களின் இறுதியிலிருந்து பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் பரவியது.

அட்டையின் அளவும் பேசும். ஏறத்தாழ இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டையில் ஒட்டிய சிறு படங்கள் 1854இல் பாரிஸில் டிஸ்டேரி காப்புரிமை பெற்ற முறையைச் சேர்ந்தவை. நாலேகாலுக்கு ஆறரை அங்குல ‘கேபினட்’ அட்டைகள் 1866 முதல் வந்தன. 1950களின் தொடக்கத்திலிருந்து தாள் தயாரிப்பாளர்கள் வெண்மை கூட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட தாள் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். 1930ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் படம் அந்த விளக்கில் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்தப் பிரிண்ட் பிற்காலத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். தாள் சொல்வது பிரிண்ட் போட்ட காலம். காட்சி சொல்வது படம் எடுத்த காலம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1870இல் இந்தியாவை விட்டுப் போன பின்பும், அவர் எடுத்த நெகட்டிவ்களிலிருந்து போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டு விற்றது. பழைய நெகட்டிவ்கள் பின்னாளில் தபால் அட்டைகளாகவும் வெளிவந்தன. அட்டையின் அஞ்சல் முத்திரை 1908 என்று காட்டினாலும், அதிலுள்ள காட்சி இருபது ஆண்டு பழையதாக இருக்கலாம்.

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுப்பது அரிதல்ல. கடைப்பலகை எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தாலோ, சென்னையின் சாந்தோமிலிருந்து வடக்கே பார்க்கும் படத்தில் கடல் இடப்பக்கம் வந்தாலோ படம் திரும்பியிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் இடத்தைத் தேடிப் போனால், எங்கே போய் நின்றாலும் காட்சி பொருந்தாது.

உயர் நீதிமன்ற வளாகம்: ஒரு விளக்கின் மூன்று இடங்கள்

சென்னைப் படங்களுக்குக் காலம் சொல்வதில் கலங்கரை விளக்கத்துக்கு இணையான சான்று குறைவு. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் டோரிக் பாணியில் எழுந்து நிற்கும் கருங்கல் தூணில் 1844இல் விளக்கு ஏற்றப்பட்டது. நீதிமன்றக் கட்டடத்தின் பணி 1888இல் தொடங்கி 1892இல் முடிந்தது. பிராசிங்டனின் திட்டத்தை ஹென்றி இர்வின் முடித்துவைத்தார். 1894இல் விளக்கு நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்துக்கு மாறியது. 1977இல் மரீனாவின் தென்முனையிலுள்ள இன்றைய கலங்கரை விளக்கத்துக்குப் போனது.

இதனால் நான்கு காலப்பகுதிகள் தாமாகவே பிரிகின்றன. கல்தூண் தனித்து நின்று, நீதிமன்றக் கட்டடம் இல்லையென்றால் படம் 1888க்கு முந்தையது. கட்டடத்தைச் சுற்றிச் சாரம் தெரிந்தால் 1888க்கும் 1892க்கும் இடைப்பட்டது. கட்டடம் முழுமையாக இருந்து, கோபுர உச்சியில் விளக்கு அறை இல்லையென்றால் 1892 முதல் 1894 வரையிலான இரண்டே ஆண்டுகள்தான். இவ்வளவு குறுகிய இடைவெளி எளிதில் கிடைப்பதில்லை. விளக்கு அறையும் இருந்தால் படம் 1894க்குப் பிந்தையது; வேறு சான்றுகளைத் தேட வேண்டும்.

அருகில் துறைமுகம். 1861இல் திருகுத்தூண்கள் மேல் அமைந்த இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. அதற்கு முன் கப்பலிலிருந்து ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில்தான் கரைக்கு வந்தன. 1870களின் நடுவில் அலைத்தடுப்புச் சுவர்களின் வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது. நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று விழுந்த இடத்தை அது குறிக்கிறது. அந்தத் தாக்குதலில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து கரும்புகை எழும் துறைமுகப் படம் கிடைத்தால், அதற்கு நாள்கூடச் சொல்லலாம்.

சென்ட்ரல்: வரிசையாக வந்த கட்டடங்கள்

சென்ட்ரல் ரயில் நிலையத்தின் முகப்பு 1873இல் எழுந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தார். ராபர்ட் சிஷோம் செய்த மாற்றங்களோடு, மணிக்கூண்டும் சேர்ந்து 1900இல் இன்றைய தோற்றம் நிறைவடைந்தது. அருகிலிருந்த மூர் மார்க்கெட் அதே 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையானது. வெண்ணிற ரிப்பன் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. நிலையத்தின் கிழக்கே இன்றைய தெற்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் 1922இல் வந்தது.

இந்த ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்பவர், கையிலுள்ள படத்தைச் சில பத்தாண்டு வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆனால் நிற்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழி இது: படத்தில் அருகிலுள்ள ஒரு பொருளின் விளிம்பும் தொலைவிலுள்ள ஒரு பொருளின் விளிம்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தூணின் ஓரத்தில் மணிக்கூண்டு பாதி மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரில் நடந்துபோய் அதே அளவு மறையும் இடத்தைத் தேடினால், அது தரையில் ஒரு நேர்கோடாக அமையும். படத்தின் மறுபக்கத்தில் இதேபோல் இன்னொரு இணை கிடைத்தால் இரண்டாவது கோடு வரும். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில்தான் கேமரா இருந்தது. அந்தப் புள்ளியில் நின்றபடி மேற்கே திரும்பினால் ரிப்பன் மாளிகை தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பது தெளிவாகிவிடும்.

சாலையின் நடுவில் தண்டவாளமும் மேலே மின்கம்பியும் தெரிந்தால் மின்சார டிராமின் காலம் உறுதியாகிறது. சென்னையில் அது 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. தண்டவாளம் மட்டும் இருந்து டிராம் தெரியாத படம் குழப்பம் தரும். வண்டி அந்த நேரத்தில் வராமல் இருந்திருக்கலாம். சேவை நின்ற பிறகு தண்டவாளம் மட்டும் எஞ்சியும் இருந்திருக்கலாம்.

மவுண்ட் ரோடு: போனவை சொல்லும் பின் எல்லை

வந்த பொருள்களுக்கு ஆவணம் எளிதில் கிடைக்கும். திறப்பு விழாவும் கல்வெட்டும் இருக்கும். போன பொருள்களுக்குத்தான் தேடல் அதிகம். மவுண்ட் ரோடு அந்தத் தேடலுக்கு ஏற்ற சாலை. 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி அடக்கிய கர்னல் நீலின் சிலை இங்கே நின்றது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. ராஜாஜி அமைச்சரவை 1937இல் அதைச் சாலையிலிருந்து எடுத்தது. நீல் சிலை தெரியும் சாலைப்படம் எதுவும் 1937க்குப் பிந்தையதாக இருக்க முடியாது. ஸ்பென்சர் நிறுவனத்தின் பழைய செங்கல் கட்டடம் 1983இல் எரிந்தது. அந்த இடத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசா 1990களின் படங்களில்தான் தெரியும். எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. ஜெமினி மேம்பாலம் 1973இல் வந்தது. சாலைக்கு அண்ணா சாலை என்று பெயர் சூட்டியது அண்ணாவின் மறைவுக்குப் பிறகு. அவர் மறைந்தது 1969 பிப்ரவரி 3.

சென்னையின் படக்கலை வரலாறும் காலக்கணிப்புக்கு உதவும். ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் 1856இல் மெட்ராஸ் புகைப்படக் கழகத்தைத் தொடங்கினார். நிக்கலஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டுடியோக்கள் நகரின் காட்சிகளைப் படமாக்கி விற்றன. அட்டையின் பின்பக்கத்தில் அச்சான ஸ்டுடியோ பெயரும் முகவரியும் நல்ல தடயங்கள். ‘மெட்ராஸ்–2’ என்ற வட்ட எண்ணோடு முகவரி முடிந்தால் ஒரு காலம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது.

சினிமாச் சுவரொட்டிகளும் இந்தச் சாலையில் நிறைய. ‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் வெளியானது; ‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்தது. சுவரொட்டி தருவது முன் எல்லை மட்டுமே. வெற்றிப்படங்கள் பல ஆண்டுகள் கழித்தும் மறுபடி திரைக்கு வந்தன. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆகவே சுவரொட்டியைப் பார்த்ததும் ஆண்டை முடிவு செய்துவிடாமல், அருகில் நிற்கும் கார்களையும் பலகைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரைச் சாலை: மணலும் நிழலும்

மரீனாவில் கட்டடங்களுக்கு முன்பே மணல் பேசத் தொடங்குகிறது. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் சுவர்கள் அதை மறித்ததால் தெற்கில் மணல் சேர்ந்து மரீனா அகன்றது; வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. சாலையை ஒட்டி அலை அடிக்கும் படம் துறைமுகச் சுவர்களுக்கு முந்தைய காலத்தைச் சுட்டும். ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மரீனா என்று பெயரிட்டது 1884இல்.

கட்டடங்களின் வரிசை இதைக் கூர்மையாக்கும். சேப்பாக்கம் அரண்மனையின் இரு பகுதிகளை இணைக்கும் கோபுரத்தை சிஷோம் 1870 வாக்கில் எழுப்பினார். மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870இல் திறக்கப்பட்டது. அதன் மேலுள்ள நான்கு முகக் கடிகாரக் குவிமாடம் 1940இல்தான் சேர்ந்தது. செனட் மாளிகை 1874க்கும் 1879க்கும் இடையில் எழுந்தது. சாந்தோம் தேவாலயத்தின் இன்றைய கோதிக் கட்டடம் 1893 முதல் 1896 வரை கட்டப்பட்டது. ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959இலும், கண்ணகி சிலை இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1968இலும் நிறுவப்பட்டன. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 ஜூனில் மீண்டும் நின்றது. சிவாஜி கணேசன் சிலை 2006 முதல் 2017 வரை காமராஜர் சாலையில் இருந்தது. நேற்று எடுத்தது போன்ற வண்ணப் படங்களுக்கும் இப்படி எல்லை வகுக்க முடிகிறது.

ஆண்டோடு பருவத்தையும் கணிக்கக் கடற்கரை உதவும். இங்குள்ள கட்டடங்களின் முகப்புகள் கிழக்கு நோக்கியவை. முகப்பில் வெயில் முழுமையாக விழுந்தால் காலை. முகப்பு நிழலில் இருந்தால் பிற்பகல். நண்பகல் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது இன்னும் நுட்பமான சான்று. சென்னை வடக்கே 13 பாகை அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டு நாள்களுக்கு இடையில் அது உச்சிக்கு வடக்கே இருக்கும். நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் நிழல் வடக்கே விழும். நண்பகல் படமொன்றில் குறுகிய நிழல் தெற்கே சாய்ந்தால், அது மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையிலான கோடையில் எடுக்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

நெடுஞ்சாலை: எழுத்தும் பலகையும்

சென்னையை விட்டுத் தெற்கே போகும்போது சிற்றூர்களின் படங்களுக்குப் பெரிய கட்டடங்கள் துணைக்கு வராது. அங்கே பெயர்ப்பலகைதான் ஆதாரம். தமிழ் எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978 அக்டோபரில் வந்தது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ ஆகியவற்றின் முன்னால் வளைந்த யானைத் துதிக்கை போனது; ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவை துணைக்காலோடு எழுதப்பட்டன. ‘சென்னை’, ‘கடலை’, ‘விலை’ என்ற சொற்கள் இல்லாத கடைத்தெரு அரிது. அதனால் பெரும்பாலான கடைத்தெருப் படங்களில் இந்தச் சோதனையைச் செய்யலாம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. பழைய பலகையைக் கடைக்காரர்கள் உடனே மாற்றவில்லை; பழைய வடிவம் 1980களிலும் தொடர்ந்து தெரியும். மறுபக்கம், பெரியார் 1935 முதலே ‘குடிஅரசு’ இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார். எனவே இயக்கச் சுவரொட்டிகளில் அவை ஆணைக்கு முன்பே வரும்.

விலைப்பலகையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரல் 1க்கு முன். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957 முதல் 1964 வாக்கில். சுவரில் காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை வரைந்திருந்தால் 1969 பிளவுக்கு முன். பசுவும் கன்றும் என்றால் 1970களின் தேர்தல்கள். கை என்றால் 1978க்குப் பின். அ.தி.மு.க.வின் இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் முதலில் களம் கண்டது. பேருந்தின் பக்கவாட்டில் சேரன், சோழன், பாண்டியன் என்ற போக்குவரத்துக் கழகப் பெயர்கள் 1970களில் வந்து 1997இல் போயின. ‘டி.என். 01’ என்பது போன்ற வண்டி எண் முறை 1989இல் வந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரி 14இல். நகரின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை என்று மாறியது 1996இல்.

தஞ்சாவூர்: தேதி தெரிந்த படத்தின் பயன்

தேதியில்லாத படத்துக்குப் பெரிய துணை, அதே இடத்தில் தேதியோடு எடுத்த இன்னொரு படம். தமிழ்நாட்டுக்கு அந்தப் பேறு லின்னேயஸ் டிரைப் வழியாகக் கிடைத்தது. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்த அவர், 1858இல் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கினார்.

டிரைப்பின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றிவருபவர், ஒவ்வொரு விரிசலையும் செடி முளைத்த இடுக்கையும் ஒப்பிட முடியும். தேதியில்லாத படத்தில் ஒரு சுதைச்சிற்பம் உடைந்திருந்து, 1858 படத்தில் அது முழுமையாக இருந்தால், முன் எல்லை உறுதியாகிறது. பிறகு நடந்த குடமுழுக்கில் அந்தச் சிற்பம் பழுது பார்க்கப்பட்டிருந்தால் பின் எல்லையும் கிடைக்கும். குடமுழுக்கு நாளைக் கல்லில் பொறித்து வைப்பது நம் கோயில்களின் வழக்கம். காலம் கணிப்பவர் கோயிலில் முதலில் தேட வேண்டியது அந்தக் கல்லை.

டிரைப்பின் காலப் படங்களைப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். அன்றைய ரசாயனம் நீலத்துக்கு அதிகமாகவும் சிவப்புக்குக் குறைவாகவும் வினைபுரிந்தது. வானம் வெறும் வெள்ளையாகும். செங்காவிப் பட்டை கறுப்பாகும். டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். அவற்றைக் கொண்டு பருவத்தைக் கணிக்கக் கூடாது. ஒளிபடும் நேரம் நீண்டதால் நடந்து போனவர்கள் பதிவாகவில்லை. ஆளில்லாத தெரு என்று தோன்றுவது, நிற்காமல் போனவர்கள் நிறைந்த தெருவாக இருக்கலாம்.

திருவரங்கம்: ஒரே கோபுரம், இரண்டு காலம்

திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் நெடுங்காலமாக ஒரு மொட்டைக் கோபுரம் நின்றது. மேல்நிலைகள் இல்லாமல் பல நூற்றாண்டுகள் கிடந்த அதை அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர் முன்னின்று 1979இல் எழுப்பத் தொடங்கினார். 13 நிலைகளோடு 236 அடி உயரத்தில் பணி முடிந்து, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது.

இதைவிடத் தெளிவான எல்லைக்கல் தென்னாட்டுக் கோயில் படங்களில் இல்லை. மொட்டைக் கோபுரம் தெரிந்தால் 1979க்கு முன்; சாரம் சூழ்ந்திருந்தால் எட்டாண்டு இடைவெளி; முழுக் கோபுரம் தெரிந்தால் 1987க்குப் பின். திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து காவிரிக்கு வடக்கே பார்க்கும் எந்தப் படத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும். அவ்வளவு உயரமான கோபுரம் அந்த இடத்திலிருந்து தெரியாமல் போக வழியில்லை. இல்லாமை முழுச் சான்றாகும் இடம் இது.

மதுரை: ஒரு மனிதரின் உடை

மதுரையில் டிரைப் எடுத்த படங்களில் திருமலை நாயக்கர் மகால் பாழடைந்து கிடக்கிறது. ஆளுநர் நேப்பியர் காலத்தில், 1866க்கும் 1872க்கும் இடையில், பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. இடிந்த வளைவுகளும் செடி படர்ந்த சுவர்களும் தெரியும் மகால் படத்தை இதை வைத்துப் பிரிக்கலாம். அண்மைக்காலப் படங்களுக்கு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் உதவும். 2018 பிப்ரவரி 2இல் அங்கே தீப்பிடித்தது. கடைகள் நிறைந்த மண்டபத்தின் படம் அதற்கு முந்தையது.

மதுரையின் தனிச்சிறப்பான சான்று கட்டடத்தில் இல்லை, உடையில் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22இல் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். தமிழ்நாட்டில் பல குடும்பங்களிடம் காந்தி வந்துபோன படங்கள் தேதியின்றி உள்ளன. அவர் சட்டையோ தொப்பியோ அணிந்திருந்தால் படம் அந்த நாளுக்கு முந்தையது. இடுப்பு வேட்டியும் மேலே ஒரு துண்டுமாக இருந்தால் பிந்தையது. அந்த வீடு இன்றும் மேலமாசி வீதியில் இருக்கிறது. காதி விற்பனையும் நடக்கிறது.

மற்றவர்களின் உடையை இப்படி நம்ப முடியாது. ஸ்டுடியோக்களில் கோட்டும் கைக்கடிகாரமும் பூச்சாடியும் வாடகைக்கு இருந்தன. திருமணப் படத்தில் அணிந்த நகை பாட்டியின் நகையாக இருக்கலாம். உடை ஒரு வட்டாரத்தின் பொதுப்போக்கைக் காட்டும், ஆண்டைக் காட்டாது. குடும்பப் படங்களில் நம்பத்தக்க அளவுகோல் குழந்தைகளின் வயது. பிறந்த ஆண்டு தெரிந்த ஒரு குழந்தை மடியில் இருந்தால், படம் அந்த ஆண்டை ஒட்டியது.

பாம்பன், தனுஷ்கோடி: இரண்டு பக்கமும் மூடிய காலம்

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்த பின் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது; அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் ரயில் ஒன்று கடலுக்குள் போனது. எனவே தனுஷ்கோடி இறங்குதுறையில் ரயிலும் கப்பலும் நிற்கும் படம் எதுவானாலும் 1914க்கும் 1964க்கும் இடைப்பட்டது.

பாலத்தின் படங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம். கண்கள் உடைந்து தண்டவாளம் தொங்கும் படம் புயலுக்கு அடுத்த சில வாரங்களைச் சேர்ந்தது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் பாலத்தைச் சீரமைத்துவிட்டது. அருகில் உயர்ந்து வளையும் சாலைப் பாலம் தெரிந்தால் 1988க்குப் பின். தண்டவாளம் அகலமாக இருந்தால் 2007க்குப் பின். அதுவரை மீட்டர் பாதைதான். நடுவில் செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையச் சுவர்களையும் பழைய படங்களோடு ஒப்பிடுபவர் அவசரப்படக் கூடாது. மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஊர் இது. இங்கே கரையின் வடிவத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. கல்லில் கட்டியவற்றை மட்டுமே நம்பலாம்.

கன்னியாகுமரி: பாறைகள் மேல் எழுந்த ஆண்டுகள்

வழித்தடத்தின் கடைசி ஊரில் ஆண்டுகள் வரிசையாக நிற்கின்றன. 1956இல் காந்தி மண்டபம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1இல்தான் குமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கடலுக்குள் விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டது. 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் வந்தது. பாறைகள் வெறுமையாக இருக்கும் படம் 1970க்கு முந்தையது. நினைவு மண்டபம் மட்டும் தெரிந்தால் ஏறத்தாழ முப்பது ஆண்டு வட்டம். சிலை முழுமையாக இருந்து பாலம் இல்லையென்றால் இருபத்தைந்து ஆண்டு வட்டம்.

குமரி எட்டுப் பாகை அகலக்கோட்டில் இருப்பதால் நிழல் கணக்கு மாறும். நண்பகல் நிழல் இங்கே ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை தெற்கே விழும். சென்னையின் கணக்கை அப்படியே இங்கே போட்டால் ஏப்ரல் நடுப்பகுதியும் ஆகஸ்ட் பிற்பகுதியும் தவறாகும்.

முடிவை எழுதும் முறை

எல்லாச் சான்றுகளையும் சேர்த்த பின் கிடைப்பது பெரும்பாலும் ஓர் இடைவெளிதான். அதை இடைவெளியாகவே எழுத வேண்டும். காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ‘1900–1913, மணிக்கூண்டு இருக்கிறது, ரிப்பன் மாளிகை இல்லை, சாலையின் கிழக்கு முனையிலிருந்து எடுத்தது’ என்ற குறிப்பு நேர்மையானது. பின்னால் வருபவர் புதிய சான்று கண்டால் அதைத் திருத்தவும் முடியும். காரணம் சொல்லாமல் ‘1905’ என்று மட்டும் எழுதினால், அது ஊகம் என்பதை மறைத்துவிடும். ஒருமுறை அச்சேறிய தவறான ஆண்டு, பல நூல்களில் பெயர்ந்து உண்மையாகவே நிலைத்துவிடுகிறது.

ஊர்ப் பொதுப்படங்களுக்குக் கட்டடங்கள் சான்று சொல்லும். வீட்டுப் பரணிலும் பீரோவிலும் இருக்கும் படங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்குச் சான்று சொல்லக்கூடியவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன பெயர், ஊர், விசேஷம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தழும்பு விடும், மை ஊறும். பசையும் செலோடேப்பும் தாளைக் கெடுக்கும். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். அவர்கள் போன பிறகு, எத்தனை ஊர்களுக்குப் பயணம் செய்தாலும் அந்தப் பெயர்கள் திரும்பக் கிடைக்காது.